செஞ்சியின் பெயரோடு டெல்லி சென்றவர்

செஞ்சி என்றதும் ராஜகிரிக் கோட்டையும் தேசிங்கு ராஜனும்தான் நினைவுக்கு வருவார்கள். ஏறத்தாழ பத்து மாதமே ஆண்டு, 1714இல் போர்க்களத்தில் மாண்ட அந்த இளைஞனின் கதையைத் தெருக்கூத்தும் கதைப்பாடலும் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. மக்களே வாக்களித்து அனுப்பியவர்களைப் பற்றியோ யாரும் விரிவாக எழுதவில்லை. முதலில் எழுத வேண்டியது செஞ்சி ராமச்சந்திரனைப் பற்றி.

1977 தேர்தலில் அதிமுக 130 இடங்களைப் பிடித்தது. திமுகவுக்குக் கிடைத்தவை 48; அவற்றில் ஒன்று ராமச்சந்திரன் வென்ற செஞ்சி. 1980இல் திமுக 37ஆகச் சுருங்கியபோதும் இந்தத் தொகுதி ராமச்சந்திரனைக் கைவிடவில்லை. ஏரிப் பாசனத்தையும் மழையையும் நம்பி நெல்லும் மல்லாட்டையும் விளைவிக்கிற வட்டாரம் இது. மதகு பழுதானாலும் பஸ் வராவிட்டாலும் ஜனங்கள் எம்.எல்.ஏ. வீட்டு வாசலுக்குத்தான் வருவார்கள். ஆளும் கட்சிக்காரர் அமைச்சரைப் பார்த்து முடித்துக்கொள்வதை, எதிர்க்கட்சிக்காரர் அவையில் எழுந்து கேட்டுத்தான் வாங்க வேண்டும். அந்த ஆண்டுகளின் அவை நடவடிக்கைக் குறிப்புகளிலிருந்து செஞ்சி பற்றிய பேச்சுகளை உள்ளூர்க் கல்லூரி மாணவர்கள் தொகுத்தாலே நல்ல வரலாற்று நூல் கிடைக்கும்.

1984இல் தொகுதி கைமாறியது. 1989இல் திமுக 13 ஆண்டுக்குப் பின் ஆட்சிக்கு வந்தபோது அவரும் மீண்டும் வென்றார். ஆளும் கட்சி வரிசையில் அமர்ந்தது இரண்டே ஆண்டு. 1991 ஜனவரி 30இல் ஆட்சி கலைக்கப்பட்டது.

அவர் வாழ்க்கையின் துணிச்சலான முடிவு அதன்பிறகு வந்தது. வைகோ திமுகவிலிருந்து நீக்கப்பட்டபோது, உடன் வெளியேறிய மாவட்டச் செயலாளர்களில் இவரும் ஒருவர். 1994இல் வைகோ தொடங்கிய மதிமுக, 1996 தேர்தலில் ஓரிடம்கூடப் பெறவில்லை. பதவியை எதிர்பார்த்து எடுத்த முடிவாக இதை என்னால் பார்க்க முடியவில்லை.

1999இல் மதிமுக சார்பில் திண்டிவனத்தில் வென்று மக்களவைக்குப் போனார். வாஜ்பாய் அரசில் இணையமைச்சரானார். நிதித் துறையும் அவரிடம் வந்தது. 2003 மே மாதம், உதவியாளரை லஞ்ச வழக்கில் சிபிஐ கைது செய்ததை ஒட்டிப் பதவி விலகினார். இதை விட்டுவிட்டு அவர் கதையை எழுதுவது நேர்மையாகாது. 2004இல் வந்தவாசி மக்கள் அவரை மறுபடியும் மக்களவைக்கு அனுப்பினார்கள் என்பதும் அதே கதையில் சேர வேண்டியதுதான். 2008 மறுவரையறையில் திண்டிவனம், வந்தவாசி ஆகிய இரு மக்களவைத் தொகுதிகளுமே மறைந்தன. செஞ்சி இப்போது ஆரணி மக்களவைத் தொகுதியில் இருக்கிறது.

ஊர்ப் பெயரையே அடையாளமாகக் கொண்ட இன்னொருவர் செஞ்சி மஸ்தான். பேரூராட்சித் தலைவராக இருந்து, 2016இல் எம்.எல்.ஏ. ஆகி, 2021 முதல் 2024 செப்டம்பர் வரை சிறுபான்மையினர் நலத்துறை அமைச்சராக இருந்தவர்.

மத்திய அரசில் ஒருவர், மாநில அரசில் ஒருவர் என அமைச்சர்களைத் தந்த ஊர் இது. 2025 ஜூலையில் கோட்டைக்கு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னத் தகுதியும் கிடைத்தது. செஞ்சி வழியாகத் திண்டிவனத்தையும் திருவண்ணாமலையையும் இணைக்கும் ரயில் பாதை மட்டும் அறிவித்து ஆண்டுகள் பல ஆகியும் முடிந்தபாடில்லை. அடுத்து யார் வென்று வந்தாலும் செஞ்சிக்காரர்கள் அவரிடம் முதலில் இதைத்தான் கேட்க வேண்டும்.