ஏரிக்கு எந்தப் படகு?

தூண்டில் போடப் படகு தேடுகிறவர்கள் விலையையும் மோட்டார் வேகத்தையும் முதலில் விசாரிக்கிறார்கள். அதற்கு முன்னால், படகு மிதக்கப்போகும் தண்ணீரைப் பார்க்க வேண்டும்.

செஞ்சிக்கு வடக்கே, மகேந்திரவர்மப் பல்லவன் குடைந்த குகைக்கோயில் உள்ள சீயமங்கலம் வட்டாரத்தில் நீர்நிலை என்றாலே ஏரிதான். ஐப்பசி, கார்த்திகை மழையில் நிரம்பும், கோடையில் வற்றும். மதகுப் பக்கம் ஆழம். நீர்ப்பிடிப்பின் மேல்கோடியில் முழங்கால் அளவே நிற்கும். அடிப்பக்கம் கூரான படகு அலையைப் பிளந்து நன்றாகப் போகும், ஆனால் இங்கே சேற்றில் தட்டி நின்றுவிடும். காற்றடைத்த ரப்பர் படகைச் சுருட்டி பைக்கில் கட்டிக்கொள்ளலாம். ஆனால் ஏரிக்குள் மூழ்கிக் கிடக்கும் கருவேல முள் ஒன்று போதும், கிழித்துவிடும்.

ஆழமில்லாத நீருக்கு அகலமான அடிதான் ஏற்றது. பரிசலைப் பாருங்கள். அடியின் விட்டம் 2 மீட்டர் என்றால் பரப்பு சுமார் 3.14 சதுர மீட்டர். அது ஒரு சென்டிமீட்டர் அமிழ்ந்தாலே 31 லிட்டர் நீரை விலக்கி, 31 கிலோவைத் தாங்கிவிடும். மொத்தம் 250 கிலோ எடையுள்ள நான்கு பேர் ஏறினாலும் கூடுதலாக 8 சென்டிமீட்டர்தான் இறங்கும். அடி வளைந்திருந்தால் இன்னும் சற்று. மூங்கில் பிளாச்சில் பின்னி, முன்பு தோலும் இப்போது தார் பூசிய பிளாஸ்டிக் விரிப்பும் போர்த்திய இந்த எளிய கலம் பாறையில் உரசினாலும் நெளிந்து கொடுக்கும். முதுகில் கவிழ்த்துச் சுமந்தும் போகலாம். காவிரியின் பாறை மடுக்களில் மகசீர் என்ற பெருங்கெண்டையைத் தூண்டிலில் பிடித்தவர்கள் பரிசலையே நம்பினார்கள். மீன் இழுத்த பக்கம் படகும் போகும், கயிறு அறுவது குறையும். அந்தக் காவிரிப் பெருங்கெண்டை இன்று அழிவின் விளிம்பில் இருக்கிறது. அதைத் தேடிப் போகக் கூடாது. நம் ஏரியில் விராலும் கட்லாவும் உண்டு.

பரிசலுக்கு முன்பின் கிடையாது. அதனால் காற்றில் சுழலும், நேராகச் செலுத்தத் தேர்ந்த கை வேண்டும். தூண்டிலைப் பிடித்தவரே துடுப்பும் போட முடியாது. சாத்தனூர் அணை போன்ற அகன்ற நீர்ப்பரப்பில், தனியாகப் போகிறவருக்குத் தட்டையடியுள்ள நீண்ட ஃபைபர் படகையே சொல்வேன். அதிலும் எழுந்து நின்று மீனை இழுக்கக் கூடாது. உடலின் எடை மேலேறினால் படகு சட்டென்று சாயும். மிதவை அங்கி கட்டாயம்.

ஏரியில் மீன்பாசி ஏலம் எடுத்தவரின் அனுமதியை, படகை இறக்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.