வகுப்பறையில் விளையும் குடிமைப் பண்பு

கோடை விடுமுறைக் காலம். டிக்கெட் ஜன்னலில் நான் பணியிலிருந்த ஒரு மாலை நம்மவர் ஒருவர் தம் மகனுடன் வந்து நின்றார். தமக்கு ஒரு முழுச்சீட்டும் பையனுக்கு ஓர் அரைச்சீட்டும் கேட்டார். முன்பதிவில்லாப் பயணத்தில் 5 வயது முதல் 12 வயது நிறையாத பிள்ளைகளுக்கே அரைக்கட்டணம். பையனின் வயதை வினவினேன். “பதினொன்று” என்றார் தந்தை. “இல்லை அப்பா, போன மாதமே பன்னிரண்டு முடிந்துவிட்டதே” என்றான் பையன்.

தந்தையின் முகம் கறுத்தது. எனினும் ஒன்றும் பேசாமல் இரண்டு முழுச்சீட்டுக்கும் பணம் கொடுத்தார். “இப்படி உண்மை சொல்ல யார் தம்பி கற்றுக் கொடுத்தார்கள்?” என்று கேட்டேன். “எங்கள் கணக்கு சார் கூட்டலில் தவறி எனக்கு 6 மார்க் அதிகமாகப் போட்டுவிட்டார். நான் போய்ச் சொன்னேன். மார்க்கைக் குறைத்தார். ஆனால் தவறு தம்முடையது என்று வகுப்பு முழுவதற்கும் கேட்கும்படி சொன்னார்” என்றான். பின்னே வரிசை நீண்டிருந்தது. மேலும் பேச நேரமில்லை. ஆயினும் அச்சொற்கள் என் நெஞ்சைவிட்டு அகலவில்லை.

அந்த ஆசிரியர் வாய்மையைப் பற்றி ஒரு மணி நேரம் சொற்பொழிவு ஆற்றியிருந்தாலும் இத்தகைய பயன் விளைந்திராது. தம் பிழையைத் தாமே ஒப்புக்கொண்டார், அதுவே பாடமாயிற்று. பன்னிரண்டு முதல் பதினேழு வயது வரை உள்ள பிள்ளைகள் பெரியோர் சொல்வதைக் காட்டிலும் செய்வதையே கூர்ந்து நோக்குவர். ஆசிரியர் குறித்த நேரத்தில் வகுப்புக்கு வருகிறாரா, பள்ளிச் சிப்பந்தியை எவ்வாறு அழைக்கிறார், செல்வர் வீட்டுப் பிள்ளைக்கும் ஏழை வீட்டுப் பிள்ளைக்கும் ஒரே நீதி வழங்குகிறாரா என்பனவெல்லாம் அவர்கள் கண்ணுக்குத் தப்புவதில்லை.

இதற்கு மாறான நிகழ்ச்சியும் உண்டு. காந்தியடிகள் ராஜ்கோட் உயர்நிலைப் பள்ளியில் முதலாண்டு பயின்றபோது, கல்வி ஆய்வாளர் ஐந்து ஆங்கிலச் சொற்களை எழுதச் சொன்னார். ‘கெட்டில்’ என்ற சொல்லைச் சிறுவர் மோகன்தாஸ் பிழையாக எழுதினார். அடுத்த பையனின் பலகையைப் பார்த்து எழுதுமாறு ஆசிரியரே தம் பூட்ஸ் நுனியால் குறிப்புக் காட்டினார். சிறுவருக்கு அது விளங்கவுமில்லை. பார்த்து எழுதும் வித்தை கைவரவுமில்லை. இதனை அவரே தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். பள்ளியின் நற்பெயருக்காகவே அவ்வாசிரியர் அவ்வாறு செய்திருக்கலாம். ஆயினும் அந்தக் குறிப்பை ஏற்று நடக்கும் பிள்ளை நாளை அலுவலகத்தில் எவ்வாறு நடந்துகொள்வான்? அப்பள்ளிக் கட்டடம் 2018 முதல் காந்தி அருங்காட்சியகமாக விளங்குகிறது. அப்பக்கம் வாழும் அன்பர்கள் பிள்ளைகளை அழைத்துச் சென்று காட்டலாம்.

இனி இராமேசுவரத்திற்கு வருவோம். அப்துல் கலாம் உயர்நிலைப் பள்ளிக்குச் செல்லுமுன் ஐந்தாம் வகுப்பில் பயின்றபோது, புதிதாக வந்த ஆசிரியர் ஒருவர், அர்ச்சகர் மகனின் பக்கத்தில் அமர்ந்திருந்த அவரைப் பின்வரிசைக்கு அனுப்பிவிட்டார். அந்த அர்ச்சகரோ ஆசிரியரை அழைத்துக் கடிந்துகொண்டார். ஆசிரியரும் மனம் மாறினார். அவ்வூரின் அறிவியல் ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயர், கலாமைத் தம் வீட்டிற்கு உணவுண்ண அழைத்தார். வீட்டம்மையார் பரிமாறத் தயங்கவே, தாமே பரிமாறி உடனமர்ந்து உண்டார். மறுவாரமும் அழைத்தார், அன்று அம்மையாரே பரிமாறினார். அச்சிறுவர் 2002இல் குடியரசுத் தலைவரானார். 2015இல் ஷில்லாங்கில் மாணவர்முன் உரையாற்றிக் கொண்டிருக்கையிலேயே உயிர் நீத்தார். சமத்துவம் என்ற சொல்லை அவர் எத்தனையோ நூல்களில் படித்திருப்பார்; அதன் பொருளை அந்த ஆசிரியர் இட்ட இலையிலேயே கண்டார் எனல் மிகையன்று.

சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராயிருந்த டாக்டர் இலட்சுமணசுவாமி முதலியார் தலைமையில் 1952இல் அமைந்த இடைநிலைக் கல்விக் குழு, தன் அறிக்கையில் ஒழுக்கப் பயிற்சிக்கெனத் தனி அத்தியாயமே வகுத்தது. எப்பாடம் கற்பிப்பவராயினும் இப்பொறுப்பு ஆசிரியர் ஒவ்வொருவரையும் சார்ந்தது என்பதே அதன் கருத்து.

நிற்க. அயல் மாநிலங்களில் வாழும் நமக்கு இது வெறும் ஏட்டுச் செய்தியன்று. நம் பிள்ளையை ‘மதராசி’ என்று வகுப்பில் ஒருவன் எள்ளி நகையாடுகையில் ஆசிரியரும் சேர்ந்து சிரித்தால், அன்று கெடுவது நம் பிள்ளையின் மனம் மட்டுமன்று. அங்கிருக்கும் அத்தனை பிள்ளைகளின் குடிமைப் பண்புமே. அவர் அதனைத் தடுத்து, நம் பிள்ளையின் பெயரைச் சரியாக உச்சரிக்கக் கற்றுக்கொண்டு அழைப்பாராயின், அனைவரும் மனிதராவர்.

அதே வேளையில், நாம் வீட்டில் உட்கார்ந்து இவ்வூராரை இகழ்ந்து பேசினால் ஆசிரியர் கட்டியதை நாமே இடிப்போராவோம். பெற்றோர் கூட்டத்திற்குச் செல்லும்போது, “எத்தனை மார்க்?” என்பதற்கு முன்னால், “மற்றப் பிள்ளைகளிடம் எப்படி நடந்துகொள்கிறான்?” என்று கேட்போம். நேர்மையான ஆசிரியரைக் கண்டால் ஒரு நன்றிச் சொல்லேனும் கூறிவிட்டு வருவோம். அவர்களுக்கு அது அரிதாகவே கிடைக்கிறது.

ராஜ்கோட்டில் ஆசிரியர் வழுவினார். பிள்ளை நிலைத்து நின்றது. என் ஜன்னலில் தந்தை வழுவினார். ஆசிரியர் இட்ட வித்து பிள்ளையைக் காத்தது. இரண்டும் நேர்கோட்டில் அமையும் வீட்டுப் பிள்ளைகளோ பெரும் பாக்கியசாலிகள். அன்று அரைச்சீட்டுக்கும் முழுச்சீட்டுக்கும் இருந்த வேறுபாடு சில ரூபாய்களே. அத்தொகையை அத்தந்தை இழந்தார் என்று நான் கருதவில்லை.