ஒரு நகர்ப்பகுதி, இரண்டு பெயர்கள்

பயணம் என்றதும் மலைவாசத்தலங்களும் கடற்கரைகளும் நம் நினைவுக்கு வருகின்றன. பார்க்க வேண்டிய இடங்களைப் பட்டியலிட்டுக்கொண்டு, ஒவ்வொன்றின் முன்னும் நின்று படமெடுத்துத் திரும்பிவிடுகிறோம். சென்ற ஊரில் எவ்வகை மக்கள், எக்காரணத்தால் குடியேறினர் என்று கேட்க நேரம் வாய்ப்பதில்லை. அவ்வாறு கேட்டுப் பழகத் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. பெங்களூரு கிழக்கு ரயில் நிலையத்துக்கு அருகிலுள்ள பிரேசர் டவுனில் ஒரு முற்பகல் நடந்தாலே போதும்.

கொள்ளைநோய் வகுத்த தெருக்கள்

இப்பகுதியின் தெருக்கள் ஒழுங்கான கோடுகளாக அமைந்திருப்பதை முதலில் காண்கிறோம். அதன் பின்னே ஒரு பெருந்துயரம் இருக்கிறது. 1898-இல் பெங்களூருவில் பிளேக் நோய் பரவி, ஆயிரக்கணக்கானோர் உயிரிழந்தனர். கண்டோன்மென்ட் பகுதியின் நெருக்கமான குடியிருப்புகள் நோய்க்கு எளிதில் இரையாயின. எலிகளின் மேல் வாழும் தெள்ளுப்பூச்சிகளே இந்நோயைப் பரப்புகின்றன என்பதை அதே ஆண்டில்தான் பிரெஞ்சு மருத்துவர் பால் லூயி சிமோன் கண்டறிந்தார்.

நெரிசலைக் குறைப்பதற்காக 1906-இல் புதிய குடியிருப்புக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அப்போது மைசூரில் ஆங்கில அரசின் ரெசிடென்டாக இருந்தவரும், முன்னர் இளம் மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையாருக்கு ஆசிரியராக விளங்கியவருமான ஸ்டூவர்ட் பிரேசரின் பெயர் இதற்குச் சூட்டப்பட்டது. எலிகள் புக இடந்தராத கட்டுமானம், காற்றும் வெளிச்சமும் வரும் அறைகள், வீடுகளுக்கிடையே போதிய இடைவெளி ஆகியவை திட்டத்தின் நோக்கங்களாயின. பொறியாளர் ஜே. எச். ஸ்டீபன்ஸ், பிளேக் அண்டாத நகரமைப்பைக் குறித்து 1914-இல் ஒரு நூலே வெளியிட்டார். பழைய வீடொன்று இன்று நம் கண்ணில் பட்டால், அதன் உயர்ந்த சன்னல்களை வெறும் அழகுக்காக வைத்தவை என்று கடந்துவிட மாட்டோம்.

சாலைகள் சொல்லும் வரலாறு

அடுத்து, பெயர்ப்பலகைகளைப் படிப்போம். மசூதிச் சாலை, கோல்ஸ் சாலை, மாதவராய முதலியார் சாலை. சற்றுத் தள்ளித் தம்பு செட்டி சாலை. கன்னட நாட்டின் தலைநகரில் இத்தனை வகைப் பெயர்கள் எப்படி வந்தன? 1809-இல் இங்குக் கண்டோன்மென்ட் அமைந்தபோது, சென்னைப் படைப்பிரிவுகளைத் தொடர்ந்து தமிழ் வணிகர்களும் ஒப்பந்தக்காரர்களும் கைவினைஞர்களும் தொழிலாளர்களும் வந்தனர். 1864-இல் ஜோலார்பேட்டையிலிருந்து ரயில் பாதை வந்த பின் வருகை மேலும் எளிதாயிற்று. 1947 வரை இப்பகுதி மைசூர் அரசின் நேரடி ஆட்சிக்கு வெளியே, ஆங்கிலேயர் நிர்வாகத்தில் இருந்தது. தமிழும் உருதுவும் ஆங்கிலமும் கன்னடமும் ஒரே கடைவாசலில் இன்றும் ஒலிப்பதற்கு இதுவே காரணம். மசூதிச் சாலையில் 1902-இல் தொடங்கிய ஆல்பர்ட் பேக்கரியில் நின்றால் அதை நம் காதாலேயே கேட்கலாம்.

புலிகேசி யார்?

பிரேசர் டவுனின் இன்றைய அதிகாரப்பூர்வப் பெயர் புலிகேசி நகர். இங்கேதான் தமிழ்ப் பயணி சற்று நிற்க நேரும். கல்கியின் ‘சிவகாமியின் சபதம்’ படித்து வளர்ந்த நமக்குப் புலிகேசி, காஞ்சியின் மீது படையெடுத்து வந்த பகைவன். வாதாபியை வென்ற நரசிம்மவர்மனே நம் நாயகன். கன்னடருக்கோ இரண்டாம் புலிகேசி, வடக்கே ஹர்ஷரின் படையை நர்மதைக்கரையில் தடுத்து நிறுத்திய பேரரசன். அவ்வெற்றியை 634-ஆம் ஆண்டின் ஐஹொளே கல்வெட்டு புகழ்கிறது.

இவ்விரு நினைவுகளில் எதுவும் பொய்யன்று. ஆயினும், நம் வீட்டில் அமர்ந்து படித்தவரை ஒரு பக்கமே நமக்குத் தெரிந்திருந்தது. அண்டை மாநிலத்தார் தம் குழந்தைகளுக்கு எவரைப் போற்றிச் சொல்லித் தருகின்றனர் என்பதை ஒரு தெருப்பலகை நமக்கு உணர்த்திவிடுகிறது. மொழியின் பெயரால் மனக்கசப்புகள் எழும் காலங்களில் இவ்வறிவு சிறிதன்று.

அடுத்த முறை உறவினரைக் காணவோ அலுவல் நிமித்தமாகவோ பெங்களூரு செல்லும்போது, அரைநாளை இதற்கென ஒதுக்குவோம். வண்டியை விட்டிறங்கி நடப்போம். பெயர்ப்பலகைகளை நின்று படிப்போம். கடைக்காரரிடமும் முதியவரிடமும் இரண்டொரு கன்னடச் சொற்களிலாவது பேச்சைத் தொடங்குவோம். அவர்கள் தமிழிலேயே மறுமொழி கூறினால் வியப்படைய வேண்டாம். அதன் காரணம் இப்போது நமக்குத் தெரியும்.