மழலையும் நகையும்

உடப்புக் கரையிலே கரைவலை இழுத்து முடிந்த காலை நேரம். மீன் பிரித்துக்கொண்டிருந்த பெண்களின் நடுவே, மூன்று வயது நிரம்பாத சிறுமியொருத்தி வெறுங் கூடையைத் தலையிற் கவிழ்த்துக்கொண்டு, "தொப்பி" என்றாள். "அது கூடையடி, பிள்ளை" என்று தாய் திருத்தினாள். சிறுமி கூடையை எடுக்கவில்லை. "தொப்பி, தொப்பி" என்று இன்னும் உரக்கக் கூவிச் சிரித்தாள். கூடையைக் கூடையென்று அறியாதவளுக்கு அந்தச் சிரிப்பு வந்திராது.

நகைக்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு நிலைக்களன் கூறினார் தொல்காப்பியர். பிறர் இளமை கண்டு நாம் நகைப்பதை அறிவோம். அந்த இளமை எதைக் கண்டு நகைக்கிறது?

பிறந்து நான்கு மாதமளவிற் குழவி வாய்விட்டுச் சிரிக்கிறது. ஓராண்டு நிறையுமுன்பே எள்ளலும் வந்துவிடுகிறது. கையிலுள்ள பொருளை நம்மிடம் நீட்டும். நாம் வாங்கப் போனால் வெடுக்கென இழுத்துக்கொள்ளும். வாசுதேவி ரெட்டி என்னும் உளநூலார் இவ்விளையாட்டை ஊன்றி ஆராய்ந்தவர். மற்றவர் எதிர்பார்ப்பை ஓரளவேனும் உணராமல் அவரை ஏமாற்ற முடியாதன்றோ?

ருஷ்ய எழுத்தாளர் சுக்கோவ்ஸ்கியின் மகள், இரண்டு வயது நிரம்புமுன் ஒருநாள் தந்தையிடம் வந்து, நாய் 'மியாவ்' என்று கத்துவதாகச் சொல்லிச் சிரித்தாளாம். குழந்தை இலக்கியத்திற் பேர்போன அவரே முதலில் அதைத் திருத்தத்தான் முற்பட்டார்! பின்னரே, தான் கற்ற உண்மையைத் தலைகீழாக்கி அவள் மகிழ்கிறாள் என்று கண்டு, தாமும் விளையாட்டிற் சேர்ந்தார்.

சொல்லின் இருபொருளிற் சுவை காண ஏறத்தாழ ஏழு வயதாக வேண்டும் என்று 1979இல் போல் மக்கீ வகுத்தார். ஆமைக்கும் ஓடு, கூரைக்கும் ஓடு, துரத்தினாலும் "ஓடு" என்று பிள்ளைகள் கும்மாளமிடுவது அப்பருவத்திலேதான். இக்கரையிலோ இரண்டு மொழிகள் பக்கத்துப் பக்கத்தில் வாழ்கின்றன. சிங்களத்தில் 'மம' என்றால் 'நான்'. கதவைத் தட்டிய அயல்வீட்டுச் சிறுவன் "மம" என்றதும், உள்ளேயிருந்த தமிழ்ப் பிள்ளை, "அம்மா, மாமா வந்திருக்கிறார்!" என்று கூவக் கேட்டிருக்கிறேன். இரு மொழியும் புரிந்தவனுக்கே அக்குறும்பு கைவரும்.

பிள்ளையோடு பெரியவர் நகையாடும் முறையும் உலகெங்கும் ஒன்றன்று. கனடாவின் வடதுருவப் பகுதியில் வாழும் இனுயிற் மக்கள், மூன்று வயதுப் பிள்ளையிடம் சங்கடமான கேள்விகளை விளையாட்டாகத் தொடுத்து, விடை தேட விடுவதை ஜீன் பிரிக்ஸ் 1998இல் விரிவாக எழுதினார். நமக்கும் இது புதிதன்று. "உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்" என்று கேட்டு அழாத தமிழ்ப் பிள்ளை யார்? ஒரு நாள் அழுகையை நிறுத்தி, "எவ்வளவு தவிடு?" என்று அது திருப்பிக் கேட்கிறது. வேடிக்கையை வேடிக்கையென்று கண்டுகொண்ட நாள் அது. சில பிள்ளைகளுக்கு அந்நாள் வரப் பிந்தும். அதுவரை அவர்களைச் சீண்டுவதில் எனக்கு உடன்பாடில்லை.

நானும் ஆசிரியத் தொழில் பார்த்தவன். "மீன் எங்கே கிடைக்கும்?" என்று கீழ்வகுப்பிற் கேட்டபோது, கடற்றொழிலாளி மகனொருவன் எழுந்து, "மரத்திலே காய்க்கும், சேர்" என்றான். வகுப்பே சிரித்தது. நான் அவனை வாங்கின்மேல் ஏற்றினேன். அதன்பின் அவன் என் கேள்விகளுக்குச் சரியான விடைகளையே சொல்லிவந்தான், வேறொன்றும் பேசவில்லை.