துருப்பிடித்த டாட்சன் – பிரிக்கலாமா, பிழைக்க வைக்கலாமா?

(இறுதியாண்டு, ஆட்டோமொபைல் இன்ஜினியரிங் பிரிவு)



'டாட்சன்' என்றதும் நம்மில் பலருக்கு ஞாபகம் வருவது, 2014-ல் சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்திலிருந்து வெளிவந்த 'கோ' என்ற சின்ன கார்தான். 2022-ல் அந்தப் பெயரே இந்தியாவில் நிறுத்தப்பட்டுவிட்டது. ஆனால் இதே பெயரில், ஐம்பது வருடங்களுக்கும் முன்னால், ஜப்பானிலிருந்து கப்பலேறி அமெரிக்காவைக் கலக்கிய ஒரு ஸ்போர்ட்ஸ் கார் உண்டு. அதுதான் 'டாட்சன் 240 இசட்'. துருப்பிடித்துக் கிடக்கும் அந்தக் காரை விலைக்கு வாங்கி, பாகம் பாகமாகப் பிரித்து விற்பது அங்கே ஒரு தொழிலாகவே நடக்கிறது. எந்தக் காரைப் பிரிக்கலாம், எதைப் பிரிக்கக் கூடாது, எப்படிப் பிரிப்பது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

செமினாருக்காக இந்தத் தலைப்பை எடுத்தபோது வீட்டில் பெருமையாகச் சொன்னேன். "அமெரிக்காவுல துருப்பிடிச்ச காரை வாங்கிப் பிரிச்சு விக்கிறாங்கப்பா" என்றேன். அப்பா சிரித்துவிட்டு, "அதைத்தானடா நான் புதுப்பேட்டையில இருபது வருஷமா செய்யறேன்" என்றார். என் முகத்தில் அசடு வழிந்தது. ஆகவே இக்கட்டுரையில் பாதி புத்தகத்தில் படித்தது, மீதி அப்பா சொன்னது.

கார் பிறந்த கதை

1969 அக்டோபரில் நிஸான் கம்பெனி ஜப்பானில் 'ஃபேர்லேடி இசட்' என்ற காரை அறிமுகப்படுத்தியது. உருவம் கொடுத்த டிசைன் குழுவின் தலைவர் யோஷிஹிகோ மாட்சுவோ. அமெரிக்காவில் நிஸானின் தலைவராக இருந்த யுடகா கட்டயாமா, அந்த நாட்டு ரோட்டுக்கும் மக்களுக்கும் ஏற்ற ஸ்போர்ட்ஸ் கார் வேண்டும் என்று விடாப்பிடியாக நின்றவர். 105 வயது வரை வாழ்ந்து 2015-ல் மறைந்த அவரை, 'மிஸ்டர் கே' என்றே இசட் ரசிகர்கள் இன்றும் அன்போடு சொல்கிறார்கள்.

அமெரிக்காவுக்குப் போன காரில் 2.4 லிட்டர் இன்ஜின். 240 என்ற பெயர் அதிலிருந்து வந்ததுதான். வரிசையாக ஆறு சிலிண்டர், இரட்டை கார்புரேட்டர், கம்பெனிக் கணக்கில் 151 குதிரைத்திறன். விலை 3,526 டாலர். ஐரோப்பிய ஸ்போர்ட்ஸ் கார்களின் ஓட்டத்தை அவற்றைவிட மிகக் குறைந்த விலைக்குக் கொடுத்ததால் மக்கள் காத்திருந்து வாங்கினார்கள். பிறகு 1974-ல் 260 இசட், 1975-ல் பெட்ரோல் இன்ஜெக்‌ஷனுடன் 280 இசட் வந்தன. 1978-ல் இந்த வரிசை முடியும்போது, மொத்தம் ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாராகியிருந்தது.

அப்படியென்றால் இன்று தெருவுக்குத் தெரு இந்தக் கார் நிற்க வேண்டுமே! ஏன் இல்லை? துருதான் காரணம்.

துரு எங்கிருந்து வருகிறது?

லாரிக்கு இருப்பது போல இந்தக் காருக்குத் தனியாக சேஸிஸ் கிடையாது. இது மோனோகாக் அமைப்பு. மெல்லிய இரும்புத் தகடுகளை மடித்து, ஸ்பாட் வெல்டிங் செய்து, பாடியே சேஸிஸாகவும் வேலை செய்யும்படி கட்டியிருக்கிறார்கள். எடை குறைந்து, முழுக் காரும் ஆயிரம் கிலோவுக்குக் கொஞ்சம் மேல்தான் வந்தது. ஆனால் அந்தக் காலத்தில் தகட்டுக்குத் துருத் தடுப்பு பூச்சு போதுமான அளவு இல்லை. இரும்பு, தண்ணீர், ஆக்ஸிஜன் மூன்றும் சேர்ந்தால் துரு என்று எட்டாம் வகுப்பிலேயே படித்தோம். அமெரிக்காவின் வட மாநிலங்களில் குளிர்காலத்தில் ரோட்டில் பனி உறையாமலிருக்க உப்பைக் கொட்டுவார்கள். உப்புத் தண்ணீர் பட்டால் துரு பல மடங்கு வேகமாகப் பிடிக்கும்.

சரி, எந்தெந்த இடத்தைப் பார்க்க வேண்டும்?

முதலில் பானெட்டைத் திறந்து பேட்டரி உட்காரும் தட்டைப் பாருங்கள். ஆசிட் கசிந்து கசிந்து தட்டு ஓட்டையாகி, அதற்குக் கீழே உள்ள ரயிலையும் தின்றிருக்கும். அடுத்து முன் கண்ணாடிக்குக் கீழே இருக்கும் பகுதி. அங்கே தண்ணீர் வடியும் துளையை இலை தழை அடைத்துக்கொண்டால் தண்ணீர் தேங்கி உள்ளே இறங்கும். மூன்றாவது, சீட்டுக்குக் கீழே உள்ள தரைத்தகடும், அதன் அடியில் ஓடும் ரயில்களும். நான்காவது, கதவுக்குக் கீழே உள்ள பெட்டி போன்ற பகுதி, பின் சக்கர வளைவு, ஸ்டெப்னி வைக்கும் குழி. கடைசியாக, சஸ்பென்ஷன் மேல்முனை பொருந்தும் கோபுரங்கள்.

"வெளியே பளபளன்னு இருக்கிற வண்டியைத்தான் முதல்ல சந்தேகப்படணும். காந்தத்தை எடுத்து ஓட்டிப் பாரு. ஒட்டாத இடத்துல பட்டி பூசியிருக்கான்" என்பார் அப்பா. டோக்கியோவாக இருந்தாலும் டெக்ஸாஸாக இருந்தாலும் இந்தச் சோதனை ஒன்றுதான்.

பிரிப்பதா, பிழைக்க வைப்பதா?

தரைத்தகடு மட்டும் போயிருந்தால் அது சாவு அல்ல. இசட் காருக்குத் தரைத்தகடும் ரயிலும் இன்று புதிதாகவே செய்து விற்கிறார்கள். வெட்டி எடுத்து வெல்டிங் செய்து விடலாம். ஆனால் தரை, ரயில், கதவுக்கடியில் உள்ள பெட்டி, கோபுரம் என்று எல்லாமே ஒன்றாகப் போயிருந்தால், வெல்டிங் செய்யப் பிடிமானமான நல்ல தகடே இருக்காது. அளவெடுக்க ஒரு நேர்கோடும் கிடைக்காது. அந்த மாதிரிக் காரைத்தான் பிரிக்க வேண்டும்.

இதில் இன்னொரு எச்சரிக்கை. முதல் வருடங்களில் வந்த 240 இசட் என்றால் இரண்டு தடவை யோசிக்க வேண்டும். விலை மலிவாக இருந்த காலத்தில், "பழைய ஜப்பான் கார்தானே" என்று சரிசெய்யக்கூடிய கார்களையும் பலர் பிரித்துப் போட்டார்கள். பிறகு என்ன ஆயிற்று? 1990-களின் பிற்பாதியில் நிஸான் கம்பெனியே பழைய 240 இசட் கார்களைத் தேடி வாங்கி, புதுப்பித்து, சுமார் 25,000 டாலருக்கு விற்றது. 2020 ஜனவரியில், மிக நல்ல நிலையில் இருந்த ஒரு 1971 மாடல் 3,10,000 டாலருக்கு ஏலம் போனது. எல்லாக் காருக்கும் அந்த விலை வராது என்பது உண்மைதான். ஆனாலும் பிரித்த காரைத் திரும்பச் சேர்க்க முடியாது. இன்னும் ஒரு வாரம் யோசித்தால் நஷ்டமில்லை.

எந்தப் பாகத்துக்கு மதிப்பு?

பாடி செத்தாலும் உள்ளே பல உறுப்புகள் உயிரோடு இருக்கும். 1970 முதல் 1972 வரை வந்த உருண்டைத் தலை கார்புரேட்டர்களுக்குக் கிராக்கி அதிகம். 1973-ல் புகைக் கட்டுப்பாட்டுக்காக வந்த தட்டைத் தலை கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு, பழையதைத் தேடி மாட்டுகிறவர்கள் அநேகம். 240 இசட்டின் மெல்லிய குரோம் பம்பருக்கும் அப்படித்தான். அமெரிக்க அரசின் மோதல் விதிகளால் பின்னால் வந்த மாடல்களில் பம்பர் பெருத்துவிட்டது. டேஷ்போர்டு வெயிலில் வெடித்துவிடும். ஆகவே வெடிக்காத டேஷ்போர்டு கிடைத்தால் அது தங்கம்! இதில் ஒரு வேடிக்கை, பாடி நன்றாக இருக்கும் வெயில் மாநிலங்களில் டேஷ்போர்டு வெடித்திருக்கும்.

துருப்பிடித்த 280 இசட்டையும் சும்மா நினைக்காதீர்கள். 1977 முதல் அதில் கிடைத்த 5 கியர் பெட்டி, அமெரிக்க 240 இசட்டின் 4 கியர் பெட்டி இருந்த இடத்தில் பொருந்தும். அதன் 2.8 லிட்டர் இன்ஜினும் அதே குடும்பம்தான். ஒரு 280 செத்து ஒரு 240-க்கு பலம் கொடுக்கிறது.

பிரிக்கும் முறை

முதலில் பேப்பர். அமெரிக்காவில் 'டைட்டில்' என்பது நம் ஊர் ஆர்.சி. புக் மாதிரி. அதில் உள்ள நம்பரும், டேஷ்போர்டிலும் இன்ஜின் அறையிலும் உள்ள தகட்டு நம்பரும் ஒன்றாக இருக்க வேண்டும். அந்த நம்பரை அழிப்பதும் திருத்துவதும் 1984-ல் வந்த சட்டப்படி அங்கே குற்றம். செத்த காரின் நம்பர் தகட்டை எடுத்து வேறு காரில் மாட்டினால் அது திருட்டுக்குத் துணை போவதே ஆகும். பேப்பர் இல்லாத வண்டியில் அப்பா ஸ்பேனரே வைக்க மாட்டார்.

அடுத்து கண்ணாடி, விளக்கு, ரப்பர், சீட், டேஷ்போர்டு. இவை உடையும் பொருட்கள் என்பதால் முதலில் எடுத்துப் பத்திரப்படுத்த வேண்டும். வயரிங்கை வெட்டாமல், ஒவ்வொரு கனெக்டருக்கும் சீட்டு ஒட்டிக் கழற்ற வேண்டும். பிறகு இன்ஜினையும் கியர் பெட்டியையும் ஒன்றாகத் தூக்கிவிடலாம். சஸ்பென்ஷனும் சக்கரமும் கடைசி. முதலிலேயே சக்கரத்தைக் கழற்றிவிட்டால் கூட்டை நகர்த்த நாலு ஆள் வேண்டும்!

பின் சஸ்பென்ஷனில் 'ஸ்பிண்டில் பின்' என்று ஒரு நீளமான பின் உண்டு. இசட் காரைக் கழற்றிய எல்லோரும் திட்டும் பின் அது. துருவில் அப்படியே இறுகிப் போயிருக்கும். சுத்தியால் நேராக அடித்தால் மரை கெட்டுவிடும். எண்ணெய் விட்டு ஊறவைத்து, பிரஸ்ஸில் பொறுமையாகத் தள்ள வேண்டும். எல்லாம் எடுத்த பிறகும், கூட்டில் கூரைத் தகடு போல் நல்ல பகுதி இருந்தால் வெட்டி எடுக்கலாம். மிச்சம்தான் பழைய இரும்பு எடைக்கு.

கைக்கணக்கு

ஒருவர் 2,000 டாலருக்கு ஒரு காரை வாங்குவதாக வைத்துக்கொள்வோம். இழுத்து வர 300, இடவாடகை, டூல்ஸ், பேக்கிங் எல்லாம் சேர்த்து 700 என்றால் முதல் 3,000 ஆகிவிட்டது. இன்ஜினும் கார்புரேட்டரும் பம்பரும் இதை எடுத்துக் கொடுக்கும் என்று தெரிந்தால் மட்டுமே வாங்க வேண்டும். மீதிப் பாகங்கள் விற்க வருடக்கணக்கில் ஆகலாம். இது உதாரணக் கணக்குதான் என்றாலும் இதன் விதி எங்கும் பொருந்தும். "ஷெல்ஃபுல இருக்கிறது சரக்கு. கல்லாவுக்கு வந்தாத்தான் காசு" என்பது அப்பாவின் பாடம்.

முடிவுரை

நண்பர்களே, முதல் வருட அப்ளிகேஷனில் 'தந்தையின் தொழில்' என்ற இடத்தில் 'வியாபாரம்' என்று மட்டும் எழுதினேன். 'காயலான் கடை' என்று யாராவது சிரிப்பார்களோ என்ற பயம். ஆனால் எங்கேயோ ஓடும் ஒரு 240 இசட் இன்றும் ஓடுகிறதென்றால், அதற்குள் வேறு சில கார்களின் உறுப்புகள் இருக்கும். யாரோ ஒருவர் தகட்டைத் தட்டிப் பார்த்து, இது பிழைக்கும், இது பிழைக்காது என்று சரியாகச் சொல்லி, போல்ட்டைக் கெடுக்காமல் கழற்றிக் கொடுத்திருக்கிறார். அதற்கு வேண்டிய மெட்டலர்ஜி, தெர்மல், மெஷின் டிராயிங் எல்லாம் நாம் பரீட்சைக்குப் படிக்கிறோம். என் அப்பா பரீட்சை இல்லாமல் படித்திருக்கிறார்.

இந்த வருட ஸ்காலர்ஷிப் படிவத்தில் 'பழைய வாகனங்களைப் பிரித்து பாகங்கள் விற்பனை' என்று முழுசாக எழுதினேன். கொடுத்த இடத்தில் அந்த வரி அடங்கவில்லை. ஓரத்தில் சின்ன எழுத்தில் எழுதி முடித்தேன்.