உங்களுக்குத் தெரியுமா? – கள்ளர் பள்ளிகள் வந்த கதை

மதுரை, தேனி, திண்டுக்கல் ஊர்ப்புறங்களில் ‘அரசு கள்ளர் பள்ளி’ என்ற பெயர்ப்பலகையைப் பார்த்திருப்பீர்கள். இவை மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட கள்ளர் சீரமைப்புத் துறை வளர்த்த பள்ளிகள். சில சமூகங்களை முழுமையாகக் குற்றவாளிகளாகக் கருதிய குற்றப் பரம்பரைச் சட்டத்தைக் காட்டிப் பிரமலைக் கள்ளர் சமூகத்தினரிடம் கைரேகை வாங்கிய வெள்ளையர் அரசுதான் 1920-இல் இந்தச் சீரமைப்புப் பணியையும் தொடங்கியது. அதே ஆண்டு ஏப்ரல் 3-இல், ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூர் கிராமத்தில் மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேரின் உயிரைப் பறித்ததும் அதே அரசுதான். அந்தச் சட்டத்தின் கீழ் வந்தவர்கள் இரவில் வெளியூர் போவதென்றால் கையில் ‘ராதாரிச் சீட்டு’ என்ற அனுமதிச் சீட்டு இருக்க வேண்டியிருந்தது, இல்லையென்றால் கைது. என்ன கொடுமை!

1947-இல் அந்தச் சட்டம் ஒழிந்தது, ஆனால் சீரமைப்புத் துறை நிலைத்தது. கட்டணமில்லாப் படிப்பு, விடுதியில் இலவசத் தங்குமிடம், சாப்பாடு என்று அது தந்த உதவியால், உசிலம்பட்டி வட்டாரத்து மானாவாரி விவசாயக் குடும்பங்களில் முதன்முதலாகப் படித்துத் தலையெடுத்தவர்கள் பலர்.