காளை எதைத் தின்றால் மழை பெய்யும்?
சயாம் நாட்டு உழவர்களின் ஏர்த் திருவிழாவும் பிற விழாக்களும்

தேவதானத்தில் நச்சாடை தவிர்த்தருளிய சுவாமிக்கு வைகாசியில் தேர் ஓடும். சாஸ்தா கோவில் ஆற்றில் தண்ணீர் வருமா, வராதா என்று நம் விவசாயிகள் மலையைப் பார்த்துக் கொண்டிருக்கும் மாதம் அது. கடல் தாண்டி, சயாம் என்று நம் பெரியவர்கள் சொல்லும் தாய்லாந்திலும் அதே வைகாசியில் உழவர்கள் வானத்தைப் பார்த்துக் கொண்டிருக்கிறார்கள். அங்கே மக்கள் பெரும்பாலோர் புத்த மதத்தினர். ஆனால் அவர்கள் கொண்டாடும் விழாக்களைப் பார்த்தால், நம்மூர் பஞ்சாங்கத்தை யாரோ எடுத்துப் போய் அங்கே மாட்டியது போல இருக்கும்.

சித்திரை முதல் நாளை ஒட்டித்தான் அவர்களுக்கும் ஆண்டுப் பிறப்பு. சங்கராந்தி என்ற சொல்லே 'சொங்கிரான்' என்று மருவி நிற்கிறது. ஏப்ரல் 13 முதல் 15 வரை மூன்று நாள் ஒருவர் மேல் ஒருவர் தண்ணீர் ஊற்றிக் கொள்வார்கள். இளையவர்கள் பெரியவர்களின் கைகளில் வாசனை நீர் வார்த்து ஆசி பெறுவார்கள். 2023ஆம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் இவ்விழாவைத் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. நகரங்களில் இது வெறும் தண்ணீர் விளையாட்டாகி விட்டது. கிராமங்களில் இன்னொரு பழக்கம் உண்டு. ஆண்டு முழுவதும் கோவிலுக்கு வந்து போகிறவர்களின் காலில் ஒட்டிக் கொண்டு மண் வெளியே போய் விடுகிறதல்லவா? அந்தக் கடனைத் தீர்க்க ஆளுக்குக் கொஞ்சம் மணல் சுமந்து வந்து, கோவில் முற்றத்தில் சிறு கோபுரம் போலக் குவிப்பார்கள். கோவில் தரையும் மேடாகும், கடனும் தீரும்.

நான்கு சாண் வேட்டியா, ஆறு சாணா?

விவசாயிகள் நன்றாகத் தெரிந்து கொள்ள வேண்டியது வைகாசியில் நடக்கும் அரச ஏர்த் திருவிழா. பாங்காக் அரண்மனைக்கு அருகில் சனாம் லுவாங் என்ற பெரிய மைதானம் இருக்கிறது. முதல் நாள் மரகத புத்தர் கோவிலில் பிட்சுகள் விதைகளை வைத்து ஓதுவார்கள். மறுநாள் காலை மைதானத்தில் ஏர் பூட்டுவது அரண்மனைப் பிராமணர்களின் பொறுப்பு. பழைய காலம் முதல் நடந்து வந்த இச்சடங்கு 1936ஆம் ஆண்டுக்குப் பிறகு நின்று போயிற்று. 1960இல் பூமிபோல் மன்னர் மீண்டும் தொடங்கி வைத்தார். 1966 முதல் அந்த நாளே அந்நாட்டின் உழவர் நாளாகவும் இருக்கிறது.

ஏர் பிடிப்பவர் 'பிரயா ரேக்னா' எனப்படுவார். வேளாண்மை அமைச்சகத்தின் செயலாளர்தான் இந்த வேடத்தை ஏற்பது வழக்கம். (கோப்பு பார்க்கும் அதிகாரி ஆண்டுக்கு ஒரு நாளாவது மேழியைத் தொட வேண்டும் என்ற ஏற்பாடு நமக்கும் பிடிக்கும்.) முதலில் அவர் முன்னே மூன்று வேட்டிகளை மடித்து வைப்பார்கள். ஒன்று நான்கு சாண், ஒன்று ஐந்து சாண், மற்றொன்று ஆறு சாண் அகலம். மூன்றும் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும். அவர் கை எதை எடுக்கிறதோ அதை வைத்துக் குறி சொல்வார்கள். நான்கு சாண் வந்தால் மழை அதிகம். மேட்டு நிலம் நன்றாக விளையும், பள்ளத்து நிலத்தில் சேதம் இருக்கும். ஆறு சாண் வந்தால் மழை குறைவு. பள்ளம் விளையும், மேடு காயும். ஐந்து சாண் என்றால் எல்லோருக்கும் அளவான மழை. தண்ணீர் நிறைய இருக்கும் வயலில் இறங்குகிறவன் வேட்டியைத் தூக்கிக் கட்டுகிறான், வறண்ட வயலில் கணுக்கால் வரை விட்டுக் கொள்கிறான் என்று நினைத்துக் கொண்டால் கணக்கு எளிதில் மனதில் நிற்கும்.

பிறகு இரண்டு காளைகளைப் பூட்டி ஏர் ஓட்டுகிறார்கள். நீளவாக்கில் மூன்று சுற்று, குறுக்கே மூன்று சுற்று, விதைத்துக் கொண்டே மூன்று சுற்று, விதையை மண் மூட மூன்று சுற்று. நாலு தேவ கன்னியர் வேடமிட்ட பெண்கள் பொன் கூடையிலும் வெள்ளிக் கூடையிலும் விதை நெல் சுமந்து பின்னால் வருகிறார்கள். சடங்கு என்றாலும் உழவின் முறை சரியாக இருப்பதைக் கவனியுங்கள். முதல் உழவு, குறுக்கு உழவு, விதைப்பு, மூடும் உழவு என்று ஒன்றையும் விடவில்லை.

ஏர் அவிழ்த்ததும் காளைகளுக்கு முன்னால் ஏழு பொருள்களை வைப்பார்கள். நெல், மக்காச்சோளம், பயறு, எள், புல், தண்ணீர், சாராயம். நெல்லையோ சோளத்தையோ தின்றால் தானியம் செழிக்கும். பயறு அல்லது எள் என்றால் உணவுப் பொருளுக்கும் பழத்துக்கும் குறைவிராது. புல் அல்லது தண்ணீர் என்றால் நீர் வளம். சாராயத்தைக் குடித்தால் வெளிநாட்டு வாணிபமும் போக்குவரத்தும் ஓங்கும் என்பது குறி. எப்படிப் பார்த்தாலும் கெட்ட குறி என்று ஒன்று இல்லை. காளைக்குப் பசித்தால் எது கிட்டே இருக்கிறதோ அதில்தான் வாயை வைக்கும் என்பது மாடு வளர்க்கிற நமக்குத் தெரியாததல்ல. கம்போடியாவிலும் இதே மாதத்தில் இதே ஏழு பொருள்களை வைத்து இச்சடங்கு நடக்கிறது. புத்தர் சிறுவனாக இருந்தபோது தந்தை சுத்தோதனர் நடத்திய ஏர் விழாவில் நாவல் மர நிழலில் அமர்ந்து தியானம் செய்தார் என்ற கதை இருப்பதால், பிட்சுகளுக்கும் இந்த விழாவில் ஒரு பிடிப்பு உண்டு.

சடங்கு முடிந்ததும் கூட்டம் கயிற்றைத் தாண்டி மைதானத்திற்குள் ஓடி, மண்ணில் கிடக்கும் நெல்லைப் பொறுக்கும். கிழவர், பெண்கள், பள்ளிப் பிள்ளைகள் எல்லோரும் ஓடுவார்கள். வீட்டுக்குக் கொண்டு போய்த் தங்கள் விதை நெல்லில் கலந்தால் விளைச்சல் பெருகும் என்பது நம்பிக்கை. இது அரண்மனைச் சோதனை வயலில் விளைந்த நல்ல விதை. ஆனால் விதை நெல்லில் வேறு ரகத்தைக் கலப்பது சரியல்ல. ஒன்று முன்னால் கதிர் வாங்கும், மற்றொன்று பின்னால் வாங்கும். அடுத்த ஆண்டு விதைக்கு எடுக்க முடியாது. நாற்றங்காலில் ஒரு மூலையில் தனியாக விட்டுப் பெருக்கிக் கொள்வதே நல்லது.

குறி பலிக்கிறதோ இல்லையோ, இவ்விழாவினால் ஒரு நன்மை உண்டு. இன்ன நாளில் ஏர் என்றால் ஊர் முழுவதும் ஏறக்குறைய ஒன்றாகப் பருவத்தைத் தொடங்கும். ஒரே சமயத்தில் நட்ட வயல்களில் எலியும் புகையானும் வயலுக்கு வயல் தாவிப் பெருக வழி குறைவு. நம் ஊர்களில் சித்திரையில் பொன்னேர் பூட்டிய வழக்கத்திற்கும் இந்தப் பயன் இருந்தது. டிராக்டர் வந்த பிறகு யாருக்கு வண்டி கிடைக்கிறதோ அவர் அன்றைக்கு உழுகிறார். ஒருவர் அறுக்கும்போது அடுத்தவர் களை பறிக்கிறார். பூச்சிக்கு ஆண்டு முழுவதும் விருந்து.

வானத்துக்கு வாணம்

ஏர் பூட்டியும் மழை வராவிட்டால்? தாய்லாந்தின் வடகிழக்குப் பகுதியில் மணற்பாங்கான நிலம்; மழையை நம்பியே ஒரு போகம் நெல். அங்கும் லாவோஸிலும் மூங்கில் குழாயில் வெடிமருந்து திணித்து, பெரிய வாணங்களாக வானத்தில் விடுவார்கள். தேரைகளின் அரசன் வானத்து அரசனோடு போரிட்டு வென்றான்; அன்று முதல் வாணம் மேலே வந்தால் மழையை அனுப்புவதாக உடன்படிக்கை என்பது கதை. யாருடைய வாணம் கிளம்பாமல் புஸ்ஸென்று போகிறதோ அவரைத் தூக்கிச் சேற்றில் போடுவார்கள். வேறு சில ஊர்களில் பூனையைக் கூடையில் வைத்து வீடு வீடாகத் தூக்கிப் போய் அதன் மேல் தண்ணீர் தெளிப்பார்கள். இப்போது சில இடங்களில் பூனைக்கு இரக்கப்பட்டுப் பொம்மைப் பூனை தூக்குகிறார்கள். கழுதைக்குக் கல்யாணம் செய்தும், கொடும்பாவி கட்டி இழுத்தும் பார்த்த நாம் இதைக் கேட்டுச் சிரிக்க முடியாது.

ஆடிப் பௌர்ணமி முதல் மூன்று மாதம் பிட்சுகள் ஊர் சுற்றாமல் ஒரே மடத்தில் தங்க வேண்டும். மழைக்காலத்தில் துறவிகள் நடந்து நடந்து பச்சைப் பயிர்களையும் சிற்றுயிர்களையும் மிதிக்கிறார்கள் என்று மக்கள் முறையிட்டதால் புத்தரே இவ்விதியை ஏற்படுத்தினார் என்று பௌத்த நூல் சொல்கிறது. உழவன் சொல்லைக் கேட்டு ஒரு மதம் தன் விதியை வகுத்திருக்கிறது!

நெல் சூல் கொள்ளும்போது செய்யும் சடங்கு இன்னும் அழகானது. நெல்லை 'மே போசோப்' என்ற தாயாக வணங்குகிறார்கள். கதிர் தொண்டையில் இருக்கும் பருவத்தில் வயலுக்குச் சீப்பு, கண்ணாடி, பவுடரோடு புளிப்புப் பழங்களையும் கொண்டு போய் வைப்பார்கள். பிள்ளைத்தாய்ச்சிக்குப் புளிப்பு பிடிக்கும் அல்லவா? தொண்டைக் கதிர் முதல் பூப்பு வரை தண்ணீர் குறைந்தால் பதர்தான் மிஞ்சும் என்று நம் வேளாண்மை அலுவலர்கள் சொல்கிறார்கள். அந்தப் பத்து நாளில் உழவன் தினமும் வயலைப் போய்ப் பார்க்க இந்தச் சடங்கும் ஒரு காரணமாகி விடுகிறது.

அவர்களுடைய பழைய ரகங்கள் நம் பழைய சம்பாவைப் போலப் பகல் பொழுது குறைந்தால்தான் கதிர் வாங்கும். 1959இல் வெளியிடப்பட்ட புகழ் பெற்ற மல்லிகை அரிசி ரகமும் அப்படியே. ஆகவே எப்போது நட்டாலும் அறுவடை ஏறக்குறைய கார்த்திகையை ஒட்டியே வரும். வயலில் வேலை ஓயும் அந்தப் பௌர்ணமியில் வாழைத்தண்டை வட்டமாக அரிந்து, வாழையிலையால் தாமரை போல மடித்து, மெழுகுவர்த்தி ஏற்றி ஆற்றில் விடுவார்கள். பயன்படுத்தியதற்கும் அசுத்தம் செய்ததற்கும் கங்கைத் தாயிடம் மன்னிப்புக் கேட்பதாக ஐதீகம். 'கங்கா' என்ற பெயரைத்தான் சொல்கிறார்கள். இடையில் தெர்மாகோல் தட்டுகள் வந்து ஆற்றை மேலும் கெடுத்தன; இப்போது வாழைத்தண்டுக்கே திரும்பும்படி அரசாங்கம் சொல்லி வருகிறது.

பாவைப் பாட்டு

இந்த உறவெல்லாம் எப்படி ஏற்பட்டது? தென் தாய்லாந்தில் தகுவாபாவில் கிடைத்த ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, அவனிநாரணம் என்ற குளம் தோண்டியதையும், அதை மணிக்கிராமத்து வணிகர்களின் காவலில் விட்டதையும் சொல்கிறது. கடல் கடந்து போன தமிழன் அங்கேயும் ஒரு குளம் வெட்டியிருக்கிறான்.

அரண்மனைப் பிராமணர்கள் தங்கள் முன்னோர் தென்னிந்தியாவிலிருந்து வந்தவர்கள் என்கிறார்கள். பாங்காக்கில் 1784இல் கட்டிய அவர்களுடைய கோவிலுக்குத் 'தேவஸ்தான்' என்றே பெயர். மார்கழி, தை மாதங்களில் அங்கே திரியம்பாவை, திரிபாவை என்று சிவனுக்கும் திருமாலுக்கும் விழா நடக்கும். திருவெம்பாவை, திருப்பாவை என்பவையே இப்படி மருவின. பொருள் தெரியாமல், உச்சரிப்பு மாறி, தமிழ்ப் பாடல்களை மந்திரம் போல ஓதுகிறார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் மாதம் மூன்று மழை கேட்டுப் பாடிய பாவை, நெல் அறுத்து முடித்த சயாமில் இவ்வாறு போய்ச் சேர்ந்திருக்கிறது.

கோவிலுக்கு எதிரே சுமார் 21 மீட்டர் உயரத்தில் சிவப்பு நிறத்தில் பெரிய ஊஞ்சல் கால்கள் நிற்கின்றன. முன்பு இவ்விழாவில் ஆட்கள் அதில் வீசி ஆடி, எதிரே மூங்கிலில் தொங்கும் பண முடிப்பைப் பல்லால் கவ்வுவார்கள். விழுந்து உயிரிழந்தவர்களும் உண்டு. 1935இல் ஊஞ்சலாட்டத்தை நிறுத்தி விட்டார்கள். கால்கள் உளுத்துப் போனதால் வடக்கே பிரே மாவட்டத்திலிருந்து ஆறு தேக்கு மரங்களைக் கொண்டு வந்து 2007இல் புதிதாக நட்டார்கள். பாட்டு மட்டும் கோவிலுக்குள் ஆண்டுதோறும் நடக்கிறது.